கடலைப் பார்த்திராத பதினோரு பேர்

மகனே,

நீ கூரியரில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வியாழக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. பெயர்கள், தேதி, ஆலயம், மண்டபம் எல்லாம் சரியாக இருக்கின்றன. அடியில் நீ புதிதாகச் சேர்த்திருக்கும் இரண்டு வரிகளில்தான் என் கண் நின்றுவிட்டது. அன்பளிப்பு வேண்டாம், கடல் அலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் இலவசப் படிப்புக்காக மண்டப வாசலில் பெட்டி இருக்கும் என்று போட்டிருக்கிறாய். கூடவே வைத்திருந்த கடிதத்தில், வரவேற்பு மேடையில் மஞ்சுளா ஐந்து நிமிடம் பேச வேண்டும், அன்று மாமல்லபுரத்தில் பேசியது போலப் பேசினால் போதும் என்று எழுதியிருக்கிறாய். அச்சகத்துக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டுமாம். அந்த இரண்டு வரிகளை எடுத்துவிடு. நேற்று நீ போன் செய்தபோதே இதைச் சொல்ல வாயெடுத்தேன். 'தொண்டை கட்டியிருக்கிறதா அம்மா' என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு வரும். நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும் இதைப் படிக்கட்டும். இந்த வீட்டுக்குள் வருகிறவள் மாமியார் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

மஞ்சுளாவும் மற்றவர்களும் தங்கிப் படித்த அந்தப் பிள்ளைகள் வீடு எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும். நீ ஏழாம் வகுப்பில் இருந்த வருடம் அது. என் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்து, இரண்டு வாரம் வந்து, நின்றுவிட்டான். தினமும் ஈரச் சட்டையோடு வருவான். விசாரித்தபோது செங்கல்பட்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருக்கிற குடும்பம் என்று தெரிந்தது. ஒரே சட்டை. காலையில் துவைத்து, காய்வதற்கு முன் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பிறந்த சான்றிதழும் முகவரியும் கேட்டு ஆபீஸில் துளைத்ததால் நின்றுவிட்டான். பள்ளிக்கூடம் இலவசம்தான். ஆனால் அங்கே போவதற்கு ஒரு பிள்ளைக்குக் குளிக்க மறைவான இடம் வேண்டும், பையை வைக்க ஒரு மூலை வேண்டும், போலீஸ் எழுப்பாத தூக்கம் வேண்டும். இதெல்லாம் எந்தத் திட்டத்திலும் இலவசமாகக் கிடைக்கவில்லை. நானும் அப்பாவும் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நடேசன் சாரும் சேர்ந்து ரயில்வே கேட்டுக்குப் பின்னால் அந்த ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அரிசி மில்காரர் மூட்டை அனுப்பினார். ஜவுளிக்கடைக்காரர் சீருடைத் துணி கொடுத்தார். யாரும் பிள்ளைகளிடம் எதுவும் கேட்கவில்லை. பத்து வருடம் அப்படித்தான் ஓடியது.

அந்தப் பத்து வருடத்தின் விலையை நீயும் கொடுத்தாய். ஒரு நாள் சாயங்காலம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நீ கணக்கு நோட்டை நீட்டினாய். வந்து பார்க்கிறேன் என்றேன். "நானும் ஸ்டேஷன்ல போய்ப் படுத்துக்கிட்டா எங்கூட உக்காருவியாம்மா?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அன்றைக்கும் நான் கிளம்பித்தான் போனேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற எண்ணம் ஒரு மனுஷியை எவ்வளவு செவிடாக்கும் என்பதற்கு அது முதல் அடையாளம். நான் கவனித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் நீ அறிய வேண்டும். நானும் பிறர் கொடுத்த பணத்தில் படித்தவள்தான். உன் தாத்தா கூலிக்கு ஏர் ஓட்டியவர். என்னை மிஷன் விடுதியில் சேர்த்தார்கள். கடல் தாண்டி எங்கேயோ இருந்த ஒரு அம்மா எனக்குப் பணம் கட்டினார். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒரு வருடம், 'இங்கே ராத்திரி சோறு பத்தவில்லை' என்று எழுதினேன். விடுதி அக்கா அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று எழுதினேன். அந்த அம்மா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவரால்தான் டீச்சரானேன். ஆனால் யாரோ சொல்லிக் கொடுத்ததை என் கையெழுத்தில் எழுதுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தெரிந்தே மற்றப் பிள்ளைகளுக்கு அதைச் செய்தேன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சுனாமி அலை வந்த வருடம் உன் அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். எல்லோரும் கடற்கரைக்கு ஓடினார்கள். நானும் போனேன். பள்ளிக்கூட வராந்தாக்களில் ஜனங்கள் ஈரப் பாயோடு உட்கார்ந்திருந்தார்கள். மில்காரர் லாரியோடு அரிசியை அங்கே அனுப்பினார். ஜவுளிக்கடைக்காரர் போர்வைகள் அனுப்பினார். சரிதான், அங்கேதான் தேவை என்று நானே சொன்னேன். ஆனால் தை போய் மாசி போய் பங்குனி வந்தும் அவர்களில் யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மில்காரர் வருத்தத்தோடு சொன்னார்: "டீச்சர், இனிமே நான் கொடுக்கறதெல்லாம் அங்கதான். ஒங்க பசங்க எப்பவும் இருக்கற பசங்கதானே." வீட்டில் அப்போது பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டுக்காரர் சித்திரை முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி மஞ்சுளா. நீ வெளியூரில் வேலைக்குப் போன பிறகு வந்தவள் என்பதால் அவள் எங்கிருந்து வந்தாள் என்று உனக்குத் தெரியாது. அவளும் ஸ்டேஷன் பிள்ளைதான். அம்மா காய்ச்சலில் பிளாட்பாரத்திலேயே போய்ச் சேர்ந்தவள். அப்பா பழனி பார்சல் மூட்டை தூக்குவான், அது இல்லாத நாளில் கிடைத்த வேலையைச் செய்வான், சாயங்காலமானால் குடிப்பான். மகளை விடமாட்டேன் என்று ஒரு வருடம் என்னோடு சண்டை போட்டவன். பிறகு ஒரு மழை நாளில் அவனே கூட்டிக்கொண்டு வந்து, "வச்சிக்கோ டீச்சர், ஆனா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வருவேன், பாக்க வுடணும்" என்று கேட்டான். ஒரு ஞாயிறு தவறாமல் வந்தான். அன்றைக்கு மட்டும் குடிக்காமல், தலையைப் படிய வாரி, ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு வாசல்படியில் உட்கார்ந்திருப்பான். அவள் பாடம் ஒப்பிப்பாள். அவனுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு சரிபார்ப்பதுபோல் தலையாட்டுவான்.

நடேசன் சார்தான் சென்னை அறக்கட்டளை ஒன்றைப் பற்றிச் சொன்னார். அலையில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளைத் தங்க வைத்துக் கல்லூரி முடியும்வரை படிக்க வைக்கப் பணம் தருகிறார்கள், அதற்கு ஏற்கெனவே நடக்கிற ஒரு இல்லத்தைத் தேடுகிறார்கள் என்றார். நம் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் இல்லையே என்றேன். "டீச்சர், பதினோரு பேர்ல ஏழு பேருக்கு அப்பாவோ அம்மாவோ இல்ல. ரயிலுக்குப் போனா என்ன, காய்ச்சலுக்குப் போனா என்ன, கடலுக்குப் போனா என்ன? இல்லாதது இல்லாததுதானே? ஒரு காரணத்த மாத்தி எழுதறோம், அவ்ளோதான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பைசா தன் சட்டைப்பையில் போடாதவர். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஆள் அனுப்பி ஜன்னல் கதவைக் கழற்றினார். அன்றே நான் சரி என்றேன். கடற்கரையில் ஒரு குப்பத்துப் பெரியவர், இவர்கள் எங்கள் ஊரில் அலைக்குப் பெற்றவர்களைக் கொடுத்த பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரும் பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தார்.

இனி சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அறக்கட்டளையிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளிடம் பேசுவார்கள் என்று தெரிந்தது. எங்கள் பிள்ளைகளோ கடலைப் பார்த்ததே இல்லை. செங்கல்பட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? அதனால் மே மாதத்தில் ஒரு நாள் வேன் வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கூட்டிப் போனேன். கோயிலுக்கு வடக்கே, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இறக்கினேன். சவுக்குத் தோப்பைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. மஞ்சுளா நின்று, "எக்ஸ்பிரஸ் நிக்காம போவுற மாதிரி கீது டீச்சர், ஆனா முடியவே மாட்டேங்குது" என்றாள். பிறகு பதினோரு பேரும் ஓடினார்கள். ஒருவன் சட்டையோடு விழுந்து புரண்டான். மஞ்சுளா அலையைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

நான் விசில் ஊதி எல்லோரையும் கரைக்கு வரச் சொன்னேன். வரிசையாக நிற்க வைத்தேன். "மேடம் வரும்போது இப்படிச் சிரிக்கக் கூடாது. நீங்க கடலப் பாத்தா பயப்படற பிள்ளைங்க" என்றேன். குமார் என்று ஒரு சின்னப் பையன், "பயமா இல்லியே டீச்சர்" என்றான். "இருக்கணும்" என்றேன். அலை நெருங்கும்போது ஓரடி பின்னால் நகர வேண்டும், கேள்வி கேட்டால் தலையைக் குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற அதே குரலில் சொல்லிக் கொடுத்தேன், மகனே. ஈரச் சட்டைகளோடு அவர்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்தார்கள். முதலில் கற்றுக்கொண்டவள் மஞ்சுளா. எப்போதும் எதையும் முதலில் கற்றுக்கொள்கிறவள் அவள். திரும்பி வரும்போது வேனில் மஞ்சுளாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். நானும் பழனியிடம் சொல்லவில்லை. குடித்துவிட்டு எங்கேயாவது உளறிவிடுவான் என்று பயம்.

ஆகஸ்ட் மாதம் மாமல்லபுரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கடலோர விடுதியின் புல்வெளியில் அறக்கட்டளையின் கூட்டம் நடந்தது. நீ லீவில் வந்திருந்தாய். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாய். மஞ்சுளாவை மைக்கின் முன் நிற்க வைத்தார்கள். "எங்க அப்பா பேரு பழனி. அன்னிக்கு வலை எடுக்கப் போனாரு. அலை வந்துச்சு. எங்க அப்பா வரல" என்று தொடங்கினாள். நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்கள்தான்; அம்மா மட்டும் போனாள் என்றால் அப்பா எங்கே என்று கேட்பார்கள் என்று அவனையும் அலையில் சேர்த்திருந்தோம். நீ கைக்குட்டையை எடுத்ததைப் பார்த்தேன். சம்பளம் வாங்கும் மகன், அம்மாவின் வேலையை இப்போதுதான் புரிந்துகொண்டான் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அப்போதுதான் சாப்பாட்டுப் பந்தலின் ஓரத்தில் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் நிற்பதைப் பார்த்தேன். சமையல் காண்ட்ராக்டர் அன்றைய கூலிக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஆள் பிடித்திருக்கிறார். பிடித்த ஆட்களில் ஒருவன் பழனி.

மஞ்சுளாவும் பார்த்தாள். பேச்சு ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. கூட்டம் அவள் அழப் போகிறாள் என்று நினைத்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் எழுந்து போயிருக்கலாம், போதும் என்று சொல்லியிருக்கலாம். நான் மெதுவாகத் தலையசைத்தேன், 'சொல்லு' என்று. அவள் சொன்னாள். "எங்க அப்பாவோட உடம்புகூடக் கிடைக்கல. எனக்கு யாரும் இல்ல. நான் படிக்கணும்." எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கரையில் நின்று புகைப்படம் எடுக்கப் போனபோது அவள் அலையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தாள். சென்னையிலிருந்து வந்த அறக்கட்டளை மேடம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நீ அன்றிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பத் தொடங்கினாய்.

நான் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனேன். பழனி கேனை இறக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். குடித்திருக்கவில்லை.

"இன்னா டீச்சர், நான் செத்துட்டனா?"

"பழனி, நான் சொல்றதைக் கேளு. அவ காலேஜ் வரைக்கும் படிக்கணும்னா வேற வழி..."

"என்னிய ஒரு வார்த்த கேட்டுட்டு சாவடிச்சிருக்கலாம் இல்ல?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அதுவாவே சொல்லிச்சா, நீ சொல்லிக் குட்த்தியா?"

"நான்தான்."

"அப்ப சரி" என்றான். கேனின் மூடியைத் திருகிக்கொண்டே, "நல்லாத்தான் பேசுது. என்னிய மாதிரி திக்கல" என்றான். எழுந்து கேனைத் தூக்கினான். "இனிமே நான் அங்க வந்தா ஒனக்கு பேஜாரு. வர்ல." அவ்வளவுதான். அவன் கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இவ்வளவு வருடம் அதைச் சுமந்திருக்க மாட்டேன்.

அவன் வரவில்லை. மஞ்சுளா நாலைந்து ஞாயிறு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உட்காரவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போய் அவனைத் தேடியிருக்க வேண்டும். போகாததற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது. உண்மையான காரணம், அவன் வராமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. பணம் வந்தது. வாடகை கட்டினோம், கட்டில் வாங்கினோம், பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினார்கள். அடுத்த வருடம் கடப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோனது அவள் விஷயத்தில் நிஜம். மஞ்சுளாதான் கதவைத் திறந்து உட்கார வைத்தாள். இடம் நிரம்பிவிட்டது என்று நடேசன் சார் சொன்னார். நான் அவர்களுக்குச் சோறு போட்டு பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பிள்ளைகளின் இடத்தில்தான் எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருடம் அவர்களைத் தேடிப் போனேன். பிழைக்கப் போய்விட்டார்கள், எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அதற்கும் அடுத்த வருடம், மாசியில், பிளாட்பாரத்தில் டீ விற்கிற கஸ்தூரி பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கூப்பிட்டாள். "டீச்சர், பயனி பூட்டான். மூணு நாளாவுது. பெரியாஸ்பத்திரில வச்சிகிறாங்கோ. ரத்த சொந்தம் வந்து கையெழுத்து போட்டா பாடி குடுப்பாங்களாம். பொண்ண இட்டுகினு வா" என்றாள். வருகிறேன் என்று அனுப்பினேன். மறுவாரம் அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. கடலில் செத்தவன் என்று எழுதிக் கொடுத்த ஆளுக்கு இரண்டு வருடம் கழித்து மகள் எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? தாளில் ஒருமுறை செத்தவன் மறுபடி சாக முடியாது. ஆஸ்பத்திரி வாசல்வரை தனியாகப் போனேன். பழக்கடை ஓரமாக நின்றேன். உள்ளே போய், தெரிந்தவன் என்று நானாவது சொல்லி ஒரு மாலை போட்டிருக்கலாம். யார் நீங்கள் என்று கேட்பார்களே என்று திரும்பி வந்துவிட்டேன். யாரும் கேட்டு வராத உடம்புகளோடு அவனையும் புதைத்தார்கள். அன்று சாயங்காலம் மஞ்சுளாவுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவள் என்றைக்கும் போலக் கேட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரியாது என்று நம்பினேன்.

இந்த மே மாதம் அவள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கினாள். பதினொன்றாவது சேர்க்கக் கூட்டிப் போகலாம் என்று போனால் பையைக் கட்டி வைத்திருக்கிறாள். "எனக்கு அந்தப் பணம் வேணாம் டீச்சர். அன்னிக்கி ரெண்டு பொண்ணுங்கள இட்டுகினு ஒரு அம்மா வந்தாங்களே, அவங்கள மாதிரி யாருக்காச்சும் என் எடத்தக் குடுங்க" என்றாள். அதற்கு மேல் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. உன் அப்பா இப்போது இல்லை மஞ்சுளா, ஆஸ்பத்திரிவரை போய்த் திரும்பி வந்தவள் நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பைக்கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"தெரியும் டீச்சர். கஸ்தூரிக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நானும் போனேன். ஸ்கூல் விட்டு, யூனிபாரத்தோட. அங்க ஒருத்தரு நீ யாரும்மான்னு கேட்டாரு. யாருமில்ல, தெரிஞ்சவங்கன்னு சொன்னேன். அப்பன்னு சொன்னா குமார், செல்வி எல்லாரும் வெளிய போவணுமே. துணி போத்தியிருந்திச்சு. கால மட்டும் பாத்துட்டு வந்துட்டேன்."

பதிமூன்று வயதுப் பிள்ளை. வீட்டுக்கு வந்து என்னிடம் வரலாற்றுப் பாடம் கேட்டிருக்கிறாள்.

நான் அழுதேன். இன்றைக்கே அறக்கட்டளைக்கு உண்மையை எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். "செல்வி அடுத்த வருசம் பத்தாவது. குமாருக்கு இன்னும் நாலு வருசம் கீது. எழுதினா ஒங்களுக்கு பாரம் எறங்கும். அவங்களுக்கு?" அன்று ராத்திரியே எழுதினேன், ஆனால் அனுப்பவில்லை. எழுதிய கடிதம் பீரோவில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பத்துப் பேர் தெருவுக்குப் போகிறார்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை மைக்கின் முன் நின்று தன்னைப் பெற்றவரைக் கடலில் தள்ளுகிறது. இதைத் தீர்த்து வைக்கிற வயது எனக்குப் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதன் ஒரு காரணம் அதுவும்தான்.

மஞ்சுளா கஸ்தூரியோடு இருக்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி மறைமலைநகர் போகிறாள். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவும் வேலை. பதினெட்டு வயது ஆனதும் உள்ளே மெஷின் லைனில் வேலைக்கு எடுப்பார்களாம். நானே படிக்க வைக்கிறேன், என் பென்ஷன் போதும் என்று மூன்று முறை போய்க் கேட்டேன். "யோசிக்கிறேன் டீச்சர்" என்கிறாள். அது மறுப்பு என்று எனக்குத் தெரியும். அவள் விரல்கள் சோப்பில் வெளுத்திருக்கின்றன.

ஆகவே, மகனே, பத்திரிகையிலிருந்து அந்த வரிகளை எடு. நீ கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பொய்யைச் சொல்லி நான் உன்னிடம் வாங்கியதுதான் அவமானம், நீ கொடுத்தது அவமானம் இல்லை. இனியும் கொடு. ஆனால் கொடுக்கிற இடத்தில் பிள்ளையின் கதையைக் கேட்காதே. உன் மனசு உருகுகிறதா என்று பார்த்துக் கொடுக்காதே. எந்தத் துக்கம் பெரியது என்று தராசு வைக்காதே. பிளாட்பாரத்தில் காய்ச்சலில் போன தாய்க்கும் கடலில் போன தகப்பனுக்கும் ஒரே பள்ளிக்கூடம் கிடைத்திருந்தால் எனக்கு அந்த விசிலை ஊத வேண்டி வந்திருக்காது. இதை என் தப்புக்குச் சாக்காகச் சொல்லவில்லை. விசிலை ஊதியது என் வாய்தான். முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வா. பீரோவில் இருக்கிற கடிதத்தை நாம் இருவரும், நடேசன் சாரும், அந்தப் பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்து பேசலாம். பத்துப் பேருக்கும் வேறு வழி தேடி வைத்துவிட்டு அதை அனுப்ப வேண்டும். எனக்கு ஆள் துணை வேண்டும். இத்தனை வருடத்தில் உன்னிடம் முதல்முறையாகக் கேட்கிறேன்.

மஞ்சுளாவை மேடைக்குக் கூப்பிடக் கேட்டிருந்தாயே, அதை அவளிடமிருந்து மறைக்க வேண்டாம் என்று நேற்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே போய்ச் சொன்னேன். இறங்கி வந்து, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். "அண்ணன் கல்யாணத்துக்கு வரேன் டீச்சர். ஒரு நாள் லீவு தருவாங்க. மைக்கு மட்டும் வேணாம்" என்றாள். நீ அனுப்பிய மாதிரிப் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தாள். "எனக்குன்னு ஒண்ணு தனியா குடுப்பீங்களா? கவர் மேல எங்கப்பா பேரும் போட்டு" என்று கேட்டாள். பையில் அந்த மாதிரிப் பத்திரிகை வந்த வெள்ளைக் கவர் இருந்தது. அதிலேயே எழுதினேன்: 'செல்வி மஞ்சுளா, த/பெ பழனி.' அவள் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"பேருக்கு முன்னாடி லேட்டுனு போடுங்க டீச்சர். இப்ப அது நெசம்தானே."

டிபன் பாக்ஸின் மூடியில் கவரை வைத்து எழுதினேன். மூடி வழுக்கியதால், எழுதி முடிக்கும்வரை அவள் கவரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா